மாற்றுத்திறனாளிகளுக்கு விளையாட்டு கற்றுத் தந்தவர்கள்: வாழ்நாள் விருது யாருக்கு? ஏன் இவ்வளவு தாமதம்? - முழு விளக்கம்

2025 ஜனவரி 17. டெல்லி குடியரசுத் தலைவர் மாளிகையில் தேசிய விளையாட்டு விருதுகள் வழங்கப்பட்டன. அன்று வாழ்நாள் சாதனைக்கான அர்ஜுனா விருதைப் பெற்றவர்களில் ஒருவர் முரளிகாந்த் பேட்கர். பாராலிம்பிக்கில் இந்தியாவுக்கு முதல் தங்கம் வாங்கித் தந்தவர். அந்தத் தங்கத்தை அவர் வென்ற ஆண்டு 1972. இடையில் ஓடிப்போனது 53 ஆண்டுகள்.

பதக்கம் வென்றவருக்கே இவ்வளவு தாமதம் என்றால், பதக்க மேடையில் ஏறவே ஏறாத பயிற்சியாளர்களுக்கும் பள்ளி உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் என்ன நிலைமை? மாற்றுத்திறனாளிகளுக்கான உடற்கல்வி என்றால் என்ன, அதை உருவாக்கியவர்கள் யார், அவர்களுக்கு என்னென்ன கௌரவங்கள் உள்ளன, இந்தியாவில் இடைவெளி எங்கே இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

யார் இந்த முரளிகாந்த் பேட்கர்?

மகாராஷ்டிராவின் சாங்லி மாவட்டத்தைச் சேர்ந்தவர். ராணுவத்தில் இ.எம்.இ. எனப்படும் மின், இயந்திரப் பொறியாளர் படைப்பிரிவில் பணியாற்றியவர். அடிப்படையில் குத்துச்சண்டை வீரர். 1965 இந்தியா-பாகிஸ்தான் போரில் உடம்பில் பல குண்டுகள் பாய்ந்தன. அதில் ஒன்று முதுகுத்தண்டைப் பதம் பார்த்தது. இடுப்புக்குக் கீழே செயல்பாடு போய்விட்டது.

சிகிச்சையின் ஒரு பகுதியாகத்தான் அவர் நீச்சல் குளத்தில் இறங்கினார். உடம்பைத் தேற்றுவதற்காக ஆரம்பித்த பயிற்சி, போட்டியாக மாறியது. 1968 டெல் அவிவ் பாராலிம்பிக்கில் டேபிள் டென்னிஸ் ஆடினார். 1972-ல் அன்றைய மேற்கு ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் நடந்த பாராலிம்பிக்கில், 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீச்சலில் உலக சாதனையுடன் தங்கம் வென்றார்.

ஒலிம்பிக் வரலாற்றில் இந்தியாவுக்கு முதல் தனிநபர் தங்கம் 2008-ல், துப்பாக்கிச் சுடுதலில் அபினவ் பிந்த்ரா மூலம் கிடைத்தது. பேட்கரின் தங்கம் அதற்கு 36 ஆண்டுகள் முன்னால். ஆனாலும் நாட்டில் பெரும்பாலானோருக்கு அவர் பெயரே தெரியாது. 1982-ல் அர்ஜுனா விருது கேட்டும் கிடைக்கவில்லை. 2018-ல் பத்மஸ்ரீ வந்தது. 2024-ல் அவரது வாழ்க்கையை வைத்து 'சந்து சாம்பியன்' என்ற இந்திப் படம் வெளியானது. அதன் பிறகே அர்ஜுனா.

இவரது கதையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பேட்கரைத் தண்ணீரில் இறக்கியது பதக்க ஆசை அல்ல, சிகிச்சை. 'இந்த உடம்பால் என்ன முடியும்?' என்று பார்த்து, அதற்கேற்ற பயிற்சியைத் தருவதுதான் இந்தத் துறையின் அடிப்படை.

'அடாப்டட் பிசிக்கல் எஜுகேஷன்' அப்படின்னா என்ன?

தமிழில் 'தகவமைக்கப்பட்ட உடற்கல்வி' என்று சொல்லலாம். குழந்தையை விளையாட்டுக்கு ஏற்ப மாற்ற முயலாமல், விளையாட்டைக் குழந்தைக்கு ஏற்ப மாற்றுவது. பொதுவாக நான்கு விஷயங்களில் மாற்றம் செய்வார்கள்.

விதி: சக்கர நாற்காலி டென்னிஸில் பந்து இரண்டு முறை தரையில் பட்ட பிறகும் திருப்பி அடிக்கலாம். பார்வையற்றோர் கிரிக்கெட்டில் பந்தைக் கீழ்க்கையாக உருட்டி வீச வேண்டும்.

கருவி: பார்வையற்றோர் ஆடும் பந்துக்குள் சத்தம் எழுப்பும் பொருள் இருக்கும். காதால் கேட்டு ஆடுவார்கள். கோல்பால் என்ற விளையாட்டு இப்படித்தான் பிறந்தது. இரண்டாம் உலகப்போரில் பார்வை இழந்த வீரர்களின் மறுவாழ்வுக்காக 1946-ல் உருவாக்கப்பட்டது அது.

இடம்: உட்கார்ந்து ஆடும் வாலிபாலில் மைதானம் சிறியது. ஆண்களுக்கு வலையின் உயரம் 1.15 மீட்டர், பெண்களுக்கு 1.05 மீட்டர்.

கற்பிக்கும் முறை: காது கேளாத மாணவர்களுக்கு விசில் பயன்படாது, கொடியோ விளக்கோ காட்ட வேண்டும். அறிவுசார் குறைபாடு உள்ள குழந்தைக்கு ஓர் அசைவைச் சிறுசிறு படிகளாகப் பிரித்துச் சொல்லித் தர வேண்டும். பார்வையற்ற ஓட்டக்காரருடன் ஒரு வழிகாட்டி, இருவர் கையையும் இணைக்கும் சிறு கயிற்றுடன் ஓடுவார்.

கேட்க எளிதாக இருக்கும். ஆனால் எந்தக் குழந்தைக்கு எதை, எவ்வளவு மாற்றுவது என்று முடிவெடுக்க உடலியல் தெரிய வேண்டும், குறைபாட்டின் தன்மை தெரிய வேண்டும், குழந்தையையும் தெரிய வேண்டும். அதற்குத்தான் தனிப் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் தேவைப்படுகிறார்கள்.

இதெல்லாம் எங்கே தொடங்கியது?

இந்தத் துறையில் வாழ்நாள் பங்களிப்பு என்றதும் முதலில் வரும் பெயர் லுட்விக் குட்மன். ஜெர்மனியில் புகழ்பெற்ற நரம்பியல் மருத்துவராக இருந்த யூதர். நாஜிகளின் ஒடுக்குமுறைக்குத் தப்பி 1939-ல் குடும்பத்துடன் இங்கிலாந்துக்கு வந்தார். 1944 பிப்ரவரி 1-ம் தேதி, லண்டனுக்கு வடமேற்கே எய்ல்ஸ்பரி அருகில் உள்ள ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில், அவர் தலைமையில் முதுகுத்தண்டு காயத்துக்கான பிரிவு திறக்கப்பட்டது.

அந்தக் காலத்தில் முதுகுத்தண்டு முறிந்தவரை மருத்துவ உலகம் ஏறக்குறைய கைகழுவிவிட்டிருந்தது. படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் பலர் சீக்கிரமே இறந்துபோவார்கள். குட்மன் முதலில் செய்தது, நோயாளிகளை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்கச் சொன்னது. அடுத்துச் செய்தது, அவர்களை விளையாட வைத்தது. தசை வலுப்பெறும், நிமிர்ந்து உட்காரும் சமநிலை திரும்பும், எல்லாவற்றுக்கும் மேலாகத் தன்னம்பிக்கை வரும் என்று அவர் நம்பினார்.

1948 ஜூலை 29. லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், மருத்துவமனை வளாகத்தில் ஒரு வில்வித்தைப் போட்டி நடத்தினார். கலந்துகொண்டவர்கள் 16 பேர். எல்லோரும் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்ட முன்னாள் படையினர். 1952-ல் நெதர்லாந்து அணி வந்ததும் அது சர்வதேசப் போட்டி ஆனது. 1960-ல் ரோம் நகரில் 23 நாடுகளிலிருந்து சுமார் 400 பேர் பங்கேற்றனர். அதுதான் இன்று முதல் பாராலிம்பிக் எனக் கணக்கிடப்படுகிறது.

குட்மனுக்குக் கௌரவம் உயிரோடு இருக்கும்போதே வந்தது. 1966-ல் பிரிட்டன் அவருக்கு 'சர்' பட்டம் வழங்கியது. 1980-ல் அவர் மறைந்தார். 2012 லண்டன் பாராலிம்பிக் ஆண்டில் ஸ்டோக் மாண்டவிலில் அவருக்குச் சிலை திறக்கப்பட்டது.

மருத்துவமனையிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு எப்படி வந்தது?

அடுத்த திருப்பம் அமெரிக்காவில். 1962-ல் யூனிஸ் கென்னடி ஷ்ரைவர், மேரிலாந்தில் உள்ள தன் வீட்டுத் தோட்டத்திலேயே அறிவுசார் குறைபாடு உள்ள குழந்தைகளுக்குக் கோடைக்கால முகாம் நடத்தினார். நீந்தவும் ஓடவும் பந்து விளையாடவும் கற்றுத் தந்தார்கள். இவர் அன்றைய அதிபர் ஜான் எஃப். கென்னடியின் சகோதரி. இவர்களது சகோதரி ரோஸ்மேரிக்கும் அறிவுசார் குறைபாடு இருந்தது.

இதே சமயம் சிகாகோவில் ஆன் மெக்லோன் என்ற இளம் உடற்கல்வி ஆசிரியை, நகரப் பூங்கா நிர்வாகத்தில் இத்தகைய குழந்தைகளுக்கு வகுப்பு எடுத்துவந்தார். நகரம் முழுக்க உள்ள குழந்தைகளுக்குத் தடகளப் போட்டி நடத்தலாமே என்று யோசித்தார். அந்த யோசனை ஷ்ரைவரிடம் போனது. 1968 ஜூலை 20-ம் தேதி சிகாகோ சோல்ஜர் ஃபீல்டு மைதானத்தில் சுமார் 1,000 பேர் கலந்துகொண்ட முதல் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் நடந்தது. ஷ்ரைவருக்கு 1984-ல் அமெரிக்காவின் உயரிய குடிமக்கள் விருதான அதிபரின் சுதந்திரப் பதக்கம் கிடைத்தது. அந்த உடற்கல்வி ஆசிரியை பின்னாளில் ஆன் பர்க் என்ற பெயரில் இல்லினாய் மாநில உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி ஆனார்.

1975-ல் அமெரிக்கா ஒரு முக்கியச் சட்டம் போட்டது. மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் அனைவருக்கும் இலவசமாக, பொருத்தமான கல்வி தர வேண்டும் என்றது அது. சிறப்புக் கல்வி என்றால் என்ன என்று அச்சட்டம் விளக்கிய இடத்திலேயே உடற்கல்வியும் எழுதப்பட்டது. அதாவது, 'கணக்கும் பாடமும் சொல்லித் தருகிறோம், விளையாட்டு மட்டும் முடியாது' என்று பள்ளி சொல்ல முடியாது.

சட்டம் வந்ததும் ஆசிரியர்கள் தேவைப்பட்டார்கள். ஆசிரியர்களை உருவாக்கப் பேராசிரியர்கள் தேவைப்பட்டார்கள். டெக்சாஸ் பெண்கள் பல்கலைக்கழகத்தின் கிளாடின் ஷெரில் எழுதிய பாடநூல் பல பதிப்புகள் கண்டது. 1973-ல் கனடாவின் கியூபெக்கில் சர்வதேசக் கூட்டமைப்பு ஒன்று உருவானது. 1984-ல் இந்தத் துறைக்கென்றே ஆய்விதழ் வந்தது. இன்று அமெரிக்காவில் இத்துறையினரின் தேசியக் கூட்டமைப்பு, லாரன்ஸ் ரேரிக், ஹாலிஸ் ஃபெயிட், வில்லியம் ஹில்மன் ஆகிய முன்னோடிகளின் பெயரில் விருதுகள் வழங்குகிறது. ஆய்வு, எழுத்து, சேவை என ஒவ்வொன்றுக்கும் தனி விருது. மாணவர் எத்தனை பதக்கம் வாங்கினார் என்ற கேள்வி இந்த விருதுகளில் இல்லை. கவனிக்க வேண்டிய வித்தியாசம் இது.

இந்தியாவில் என்னென்ன விருதுகள் உள்ளன?

துரோணாச்சாரியா விருது: 1985 முதல் பயிற்சியாளர்களுக்கு வழங்கப்படுகிறது. அண்மை ஆண்டுகளின் சாதனைக்கு வழக்கமான பிரிவு, நீண்ட காலப் பங்களிப்புக்கு வாழ்நாள் பிரிவு என இரண்டு உண்டு. 2020-ல் பரிசுத்தொகை வாழ்நாள் பிரிவுக்கு 15 லட்சம் ரூபாயாகவும், வழக்கமான பிரிவுக்கு 10 லட்சம் ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது.

அர்ஜுனா வாழ்நாள் விருது: விளையாடி ஓய்வு பெற்ற பிறகும் விளையாட்டுக்குப் பங்களிப்பவர்களுக்கானது. முன்பு தியான்சந்த் விருது என்ற பெயரில் இருந்தது. மதுரையைச் சேர்ந்த பாரா தடகள வீரர் ரஞ்சித்குமார் ஜெயசீலன் 2020-ல் தியான்சந்த் விருது பெற்றார். 2006 மெல்போர்ன் காமன்வெல்த் போட்டியில் வட்டு எறிதலில் வெண்கலம் வென்றவர் இவர்.

பத்ம விருதுகள்: கலை, அறிவியல், சமூகப் பணி, விளையாட்டு என எல்லாத் துறைக்கும் பொதுவானவை.

மாற்றுத்திறனாளிகள் மேம்பாட்டுக்கான தேசிய விருதுகள்: ஆண்டுதோறும் டிசம்பர் 3, சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினத்தையொட்டி மத்திய அரசு வழங்குகிறது. இவர்களுக்காக உழைக்கும் தனிநபர்களுக்கும் நிறுவனங்களுக்கும் பிரிவுகள் உண்டு.

பாரா விளையாட்டுப் பயிற்சியாளர்கள் யாருக்கும் விருதே கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது. தடகளப் பயிற்சியாளர் சத்யபால் சிங் 2012-ல் துரோணாச்சாரியா, 2025-ல் பத்மஸ்ரீ பெற்றார். பாரிஸில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்ற பிரவீன் குமார் இவரது மாணவர். பாரா தடகளத்தில் நவல் சிங் 2015-ல், பாரா பேட்மிண்டனில் கௌரவ் கன்னா 2020-ல், பாரா துப்பாக்கிச் சுடுதலில் ஜெய்பிரகாஷ் நௌட்டியால் 2021-ல் துரோணாச்சாரியா பெற்றனர்.

அப்போ பிரச்னை எங்கே?

இந்தப் பெயர்களைக் கவனித்தால் ஒரு பொதுத்தன்மை தெரியும். எல்லோருமே சர்வதேசப் பதக்கம் வெல்லும் வீரர்களைத் தயார் செய்தவர்கள். துரோணாச்சாரியா விருதுத் தேர்வில் மாணவர்களின் பதக்கங்கள்தான் முக்கிய அளவுகோல். அது பயிற்சியாளர் விருது என்பதால் தவறில்லை. ஆனால் மற்றவர்களுக்கு?

கணக்கைப் பாருங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி பேர். தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 11.8 லட்சம் பேர். 2024 பாரிஸ் பாராலிம்பிக்குக்குப் போன இந்திய வீரர்கள் 84 பேர். வென்ற பதக்கங்கள் 29. ரியோவில் 4, டோக்கியோவில் 19 என்று இருந்தது பாரிஸில் 29 ஆனது பெரிய வளர்ச்சிதான். ஆனால் மீதி கோடிக்கணக்கானவர்களுக்கு விளையாட்டு என்பது பதக்கம் சம்பந்தப்பட்டதே அல்ல. மூச்சு வாங்காமல் படி ஏறுவது, சக்கர நாற்காலியைத் தானே தள்ளுவது, கீழே விழுந்தால் எழுந்துகொள்வது, நாலு பிள்ளைகளோடு சேர்ந்து ஆடுவது. இதைச் சொல்லித் தரும் ஆசிரியரை அளக்க நம்மிடம் உள்ள விருதுகளில் அளவுகோல் இல்லை.

பதக்கம் வென்றவர்களின் கதையும் பெரும்பாலும் ஒரு பள்ளி மைதானத்தில்தான் தொடங்குகிறது. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலுவுக்கு ஐந்து வயதில் பேருந்து மோதி வலது கால் பாதிக்கப்பட்டது. வாலிபால் ஆடிக்கொண்டிருந்தவரை உயரம் தாண்டச் சொன்னவர் அவரது பள்ளி உடற்கல்வி ஆசிரியர். அதன் பிறகுதான் தேசிய அளவிலான பயிற்சி, 2016 ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம் எல்லாம். 'நீ நிழல்ல உட்காரு, எல்லார் பையையும் பார்த்துக்கோ' என்று அந்த ஆசிரியர் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பல பள்ளிகளில் பி.டி. பீரியடில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குக் கிடைக்கும் வேலை இன்றும் அதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, மொத்தம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. அதன் 16-வது பிரிவு, அரசு நிதி பெறும் அல்லது அரசு அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்கள், மாற்றுத்திறனாளிக் குழந்தைகளைப் பாகுபாடின்றிச் சேர்த்து, மற்றவர்களுக்குச் சமமாகக் கல்வியோடு விளையாட்டு, பொழுதுபோக்கு வாய்ப்புகளும் தர வழிசெய்யச் சொல்கிறது.

30-வது பிரிவு முழுக்க விளையாட்டு பற்றியது. பயிற்சித் திட்டங்களையும் மைதான வசதிகளையும் மாற்றியமைக்க வேண்டும், நிதி ஒதுக்க வேண்டும், போட்டிகள் நடத்தி வென்றவர்களுக்கும் பங்கேற்றவர்களுக்கும் விருது கிடைக்க வழிசெய்ய வேண்டும் என்கிறது. பங்கேற்றவர்களையும் கௌரவிக்கச் சொல்வது நல்ல விஷயம். ஆனால் அந்த வரியில் கற்றுக் கொடுத்தவர் இல்லை.

இந்தியா 2007-ல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 30-வது பிரிவும், பள்ளியில் நடக்கும் விளையாட்டு உட்பட எல்லாவற்றிலும் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்குச் சம வாய்ப்பு வேண்டும் என்கிறது.

ஒருவரின் வாழ்நாள் பணியை எப்படி அளப்பது?

பதக்கம் இல்லாமல் எதை வைத்து அளப்பது என்று கேட்கலாம். இந்தத் துறையின் வரலாற்றிலேயே விடை இருக்கிறது.

முதலாவது, எத்தனை பேரைப் புதிதாக மைதானத்துக்குக் கொண்டுவந்தார்? குட்மனின் முதல் போட்டியில் இருந்தது 16 பேர்தான். இரண்டாவது, அவரிடம் கற்றவர்களில் எத்தனை பேர் ஆசிரியர்களாகிப் பிறருக்குச் சொல்லித் தருகிறார்கள்? மூன்றாவது, அவர் போன பிறகும் நிற்கும் ஏதாவது உண்டா? அது பாடநூலாக இருக்கலாம், உள்ளூரில் கிடைக்கும் பொருளில் செய்த கருவியாக இருக்கலாம், ஒரு பள்ளியின் வழக்கமாகவே இருக்கலாம். நான்காவது, விதியையோ சட்டத்தையோ மாற்ற வைத்தாரா?

இன்னொன்று, காலம். விருது வயதான காலத்தில் வருவது மரியாதை என்ற அளவில் சரி. ஆனால் 40 வயதில் வந்தால், அந்த ஆசிரியர் கேட்கும் மைதானமும் கருவியும் உதவியாளரும் கிடைக்க அது உதவும். 70 வயதில் வந்தால் வீட்டு அலமாரிக்குத்தான் போகும்.

உங்களுக்குத் தெரிந்த ஆசிரியரைப் பரிந்துரைக்க முடியுமா?

முடியும். பத்ம விருதுகளுக்கு எந்தக் குடிமகனும் மத்திய அரசின் தேசிய விருதுகள் இணையதளத்தில் பரிந்துரை செய்யலாம். தன்னைத் தானே பரிந்துரைக்கவும் அனுமதி உண்டு. மாற்றுத்திறனாளிகள் மேம்பாட்டுக்கான தேசிய விருதுகளுக்கும் இணையம் வழியாகவே விண்ணப்பம் பெறப்படுகிறது. செப்டம்பர் 5 ஆசிரியர் தினத்தில் மத்திய அரசு வழங்கும் தேசிய நல்லாசிரியர் விருதும், தமிழ்நாடு அரசு வழங்கும் டாக்டர் ராதாகிருஷ்ணன் விருதும் பள்ளி ஆசிரியர்களுக்கானவை.

பரிந்துரையில் 'நல்ல மனிதர், கடுமையாக உழைப்பவர்' என்று மட்டும் எழுதினால் எடுபடாது. எந்த ஆண்டு முதல் பணி செய்கிறார், எந்தெந்தக் குறைபாடு உள்ள எத்தனை மாணவர்களுக்குப் பயிற்சி தந்தார், என்ன மாற்றம் செய்தார், அந்த மாணவர்கள் இன்று என்ன செய்கிறார்கள் என்று விவரமாக எழுத வேண்டும். பழைய புகைப்படம், வருகைப் பதிவு, மாணவர்களின் கடிதம் எல்லாமே ஆதாரம். கடைசித் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் அந்தந்த இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பள்ளியில் உங்கள் குழந்தையை விளையாட விடவில்லை என்றால்?

முதலில் தலைமை ஆசிரியரிடம் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். பி.டி. பீரியடில் என் குழந்தைக்கு என்ன பயிற்சி தருகிறீர்கள், எந்த விதியை, எந்தக் கருவியை மாற்றித் தருகிறீர்கள் என்று குறிப்பாகக் கேட்பது நல்லது. மருத்துவக் காரணத்தால் சில அசைவுகள் கூடாது என்றால், எது கூடாது, எது செய்யலாம் என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக் கொடுங்கள். 'விளையாடக் கூடாது' என்று மொத்தமாக எழுதுவதைவிட இது குழந்தைக்குப் பயன்படும். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் மாவட்டக் கல்வி அலுவலகத்தையும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தையும் அணுகலாம். உரிமை மறுக்கப்பட்டதாகப் புகார் வந்தால் அதை விசாரிக்கும் அதிகாரம், 2016 சட்டத்தின் 80-வது பிரிவின்படி மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு உண்டு.